ஜெயிலில் நின்றுபோன தலைவர்

எங்கள் தெருமுனையில் நிற்கும் தலைவருக்குப் பெயர் இருக்கிறது. நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், அவர் எங்களுக்குத்தான் சொந்தம் என்று நாலு கொடி கிளம்பி வரும். நான் சொல்லவந்தது அந்தச் சத்தத்தில் காணாமல் போகும். நெசவாளர் வீட்டில் பிறந்தவர், வெள்ளைக்காரனை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர், சுதந்திரத்துக்குப் பிறகு மந்திரியாகி, கடைசிக் காலத்தில் டெல்லியில் உட்கார்ந்து நாட்டுக்கே யோசனை சொன்னவர். இவ்வளவு தெரிந்தால் போதும். கள்ளிக்குப்பத்தில் கடைத்தெருவும் எங்கள் தெருவும் சேருகிற இடத்தில் சிமெண்டில் நிற்கிறார். பிறந்தநாளுக்கு முன்னால் வெள்ளிப் பெயிண்ட் அடிப்பார்கள். தேர்தல் வந்தால் துணியைச் சுற்றி மூடிவிடுவார்கள். மற்ற நாட்களில் ஷேர் ஆட்டோக்காரர்கள் அவருடைய பீடத்தில் சாய்ந்துகொண்டு டீ குடிப்பார்கள்.

அவரைப் பற்றிச் சொல்வதுபோல ஆரம்பித்துவிட்டேன். உண்மையில் இது ஒரு பழியைப் பற்றியது. எதையும் மன்னித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ஆள் இல்லை நான். "விட்டுத் தள்ளும்மா" என்று யாராவது சமாதானம் சொன்னால் சொன்னவர் மேலேயே கோபம் வரும். கட்டிய புருஷனோடு ஒத்துவராமல் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவள். அந்தக் கோபமே எனக்கு இன்னும் ஆறவில்லை. இது அதைவிடப் பெரிய கோபம்.

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் லேத் மெஷினில் நின்றவர். குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இந்தப் பக்கம் திருநெல்வேலிக்காரர், அந்தப் பக்கம் வேலூர்க்காரர், மாடியில் தஞ்சாவூர். எல்லோருக்கும் ஊர் வேறு, குழம்பு வேறு, சாமி வேறு. எல்லோரும் ஒன்றாக உட்காருவது வருஷத்தில் ஒரு சாயங்காலம், தலைவர் பிறந்தநாளன்று. அன்றைக்கு அப்பா தலைவருடைய கதையைச் சொல்லுவார். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது யாருடைய தோளிலோ உட்கார்ந்து தலைவர் பேசியதைக் கேட்டிருக்கிறார். அந்தத் தோளிலிருந்து அவர் கடைசிவரை இறங்கவே இல்லை என்று அம்மா கேலி செய்வாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்போது கள்ளிக்குப்பத்தில் மனை மலிவு. அப்பாவோடு வேலை பார்த்த பாதிப்பேர் இங்கேதான் வீடு கட்டினார்கள். அதனால் அப்பா கதை சொல்ல ஆரம்பித்தால் கேட்கிறவர்களும் பழையவர்களே. சிலை வந்தபிறகு கதை சிலைக்கு முன்னால் நடந்தது. ஒரு மேஜை, ஒரு மைக், இரண்டு குழாய் ஸ்பீக்கர். பூந்தமல்லியிலிருந்து பாய் வந்து மைக் செட் போடுவார். அவருடைய அப்பா காலத்திலிருந்து அதே தொழில்.

அப்பா ஒரு வருஷம் சொன்னதை அடுத்த வருஷம் ஒரு சொல்கூட மாற்றமாட்டார். தறிச் சத்தத்தில் ஆரம்பிப்பார். பள்ளிக்கூடத்தை விட்டது, துணிக்கடை மறியல், அடி, ஜெயில். ஜெயிலில் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே தங்குவார். களியில் கிடந்த கல், மூட்டைப்பூச்சி, அம்மா செத்த செய்தி ஒரு மாதம் கழித்து வந்தது எல்லாம் வரும். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிறகு விடுதலை. தலைவர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறார். அவர் உள்ளே இருந்த காலத்தில் ஊர் ஏரியை மண்ணடித்து மூடி வீட்டுமனையாக விற்ற பெரிய மனிதர் ஒருவர், மாலையோடு முதல் ஆளாக நிற்கிறார். கழுத்தில் விழுந்த மாலையைத் தலைவர் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொல்கிறார்: "ஐயா, நான் இன்னும் சாகவில்லை. செத்தது..."

அந்த இடத்தில் அப்பா நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்ப்பார். கூட்டம் ஒரே குரலில் "ஏரி!" என்று கத்தும். குழந்தைகள்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கத்துவார்கள். "மாலையை அதற்குப் போடுங்கள்" என்று அப்பா முடிப்பார். அதற்குப் பிறகு மந்திரி, டெல்லி, கடைசி யாத்திரை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த "ஏரி"யை நான் கத்தியிருக்கிறேன்.

பிறகு எங்கள் ஏரியாவுக்கு வட்டம் வந்தார். வட்டச் செயலாளர், ஊரில் எல்லோருக்கும் அவர் வெறும் வட்டம். வேப்பம்பட்டுப் பக்கத்திலிருந்து இங்கே வந்து லாரி வாங்கி, பிறகு ஆட்களை வாங்கி, பிறகு கட்சியில் பதவி வாங்கியவர். பிறந்தநாள் விழாவை அவர் எடுத்துக்கொண்டார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, செலவு அவருடையது. ஒவ்வொரு வருஷமும் கதையெல்லாம் முடிந்தபிறகு பட்டாசு வெடித்துக்கொண்டு வந்து, சிலைக்கு மாலை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போவார். தலைவர் தலைவர் என்று உருகுகிற அந்த ஆள் தலைவருடைய கதையை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஒரு வருஷம் மட்டும் சீக்கிரம் வந்துவிட்டார். அப்பா கதையில் இன்னும் ஜெயிலில் இருந்தார். "கம்பிக் கதவு" என்று ஆரம்பித்தார், நன்றாக நினைவிருக்கிறது. வட்டம் மேடைக்குக் கீழே நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அப்பா கவனிக்கவில்லை.

"இன்னா பெர்சு, தலைவர இன்னும் ஜெயில்லருந்தே வுடலியா? இவரு எப்ப டெல்லி போறது, நாம எப்ப ஊடு போறது?" என்றார் வட்டம். கூட்டம் சிரித்தது. "பாய், மைக்க ஆஃப் பண்ணு!"

பாய் ஆஃப் பண்ணினார். அப்பாவுக்கு அது உடனே தெரியவில்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் இல்லை. அதைப் பார்த்து இன்னொரு சிரிப்பு. எங்கள் எதிர்வீட்டுக்காரர், அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர், அவரும் சிரித்தார். நான் பார்த்தேன். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் வரிசையாகச் சொல்லுவேன்.

அப்பா மேஜையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். என்னைப் பார்த்து, "வாம்மா, போவோம்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டில் தலைவர் பேச்சே எடுக்கவில்லை. டீவியில் தலைவர் படம் வந்தால் சேனலை மாற்றுவார். பிறந்தநாளன்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்வார். தெருக்குழந்தைகள் "தாத்தா, கதை" என்று வந்து நின்றால், "மறந்துபோச்சுப்பா" என்பார். மறக்கவில்லை. எனக்குத் தெரியும். என் அப்பாவைப் பொறுத்தவரை தலைவர் அந்தச் சாயங்காலத்திலிருந்து ஜெயிலிலேயே இருந்தார். யாரும் வெளியே எடுக்கவில்லை. அப்பாவுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. இந்த மனிதர் அந்தக் கம்பிக் கதவுக்குப் பின்னாலேயே செத்துப்போய்விடுவார் என்ற பயம் எனக்கு ஒரு பக்கம், வட்டத்தின் குரல்வளையைப் பிடிக்க வேண்டும் என்ற வெறி ஒரு பக்கம்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் வட்டத்தின் லாரிகள், எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த ஏரியில் கட்டட இடிபாடுகளைக் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தன. முதலில் கரை ஓரம். பிறகு நாணல் இருந்த இடம். பிறகு கல் நட்டார்கள், கயிறு கட்டினார்கள், ஏரியின் பெயரையே நகருக்கு வைத்துப் பலகை நிறுத்தினார்கள். இப்போது கார்த்திகை மாதம் எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். போக இடம் இல்லாத தண்ணீர் வீட்டுக்குள் வரும், சாக்கடையையும் கூட்டிக்கொண்டு வரும். ஃபிரிட்ஜை நாற்காலி மேல் தூக்கி வைப்போம். அப்பாவைக் கட்டிலோடு தூக்கி வைப்போம். யார் மூடினது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறப்பதில்லை, ஏனென்றால் குடிதண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்று சொல்கிறவரும் அவரே.

எனக்குத் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடை. ஜெராக்ஸ், டைப்பிங், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஃபிளெக்ஸ் டிசைன். வட்டத்தின் ஃபிளெக்ஸும் என்னிடம்தான் வரும். நான் என்னால் ஆன பழியை வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். அவர் முகத்தை இரண்டு பக்கமும் கொஞ்சம் இழுத்து அகலமாக்கிவிடுவேன், கழுத்தே காணாமல் போகும். அதைப் பார்த்துவிட்டு, "செம கெத்தா கீதுக்கா, இனிமே இத்தயே போடு" என்று சொல்லி அனுப்பினார். இப்படித்தான் இருந்தது என் பழிவாங்கல்.

போன வருஷம் பிறந்தநாளுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவரே கடைக்கு வந்தார். கூடவே அவருடைய மச்சான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, இந்தத் தபா மாவட்டமே வர்றாரு" என்றார். மாவட்டச் செயலாளரைச் சொல்கிறார். "கவுன்சிலர் சீட்டு மேட்டர். சும்மா 'வாழ்க வாழ்க'ன்னு கத்திக்கினு கீறவனுக்கெல்லாம் சீட்டு இல்லன்ட்டாரு. தலைவரு யாரு, இன்னா பண்ணாரு, தெர்ஞ்சி பேசணுமாம். நீதான் எழுதிக் குடுக்கணும்."

"எனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"உங்க நைனா தலைவர் கதைய சூப்பரா சொல்வாராமே. அல்லாரும் சொல்றாங்க. அத்த அப்டியே எழுதிக் குட்த்துடு."

கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கேட்கிறார்.

"நீங்க கேட்டதில்லையா?"

"எங்கக்கா! நா வர்றதுக்குள்ள முட்ச்சிடுவாங்க." பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல, "நைனா கீறாரா?" என்றார்.

"இருக்கார்" என்றேன்.

அந்த ஆளுக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகமே இல்லை. அப்பாவின் வாயை மூடினது, கூட்டத்தைச் சிரிக்க வைத்தது, ஒன்றும் நினைவில் இல்லை. போகிற வழியில் காலில் தட்டுப்பட்டதை எத்திவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான். நாங்கள் அத்தனை வருஷமாக அதற்குள்ளேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறோம். அவர் ஞாபகம் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

"எழுத்து பெர்சா போடுக்கா. கண்ணாடி போட்டுக்கினு மேடைல நின்னா கெயவன் மாறி கீது."

"போடறேன்" என்றேன். "அப்பா சொல்ற மாதிரியே, ஒரு வார்த்தைகூட மாத்தாம."

"அதான் வேணும்" என்று எழுந்து போனார்.

அன்றைக்கே டைப் செய்ய உட்கார்ந்தேன். தறிச் சத்தத்திலிருந்து ஆரம்பித்தேன். அப்பாவின் குரல் காதில் ஓடியது, கை அதன் பின்னால் ஓடியது. ஒரு வரியும் நான் சேர்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டதைத்தான் கொடுத்தேன். நான் செய்தது ஒன்றே ஒன்று. எழுத்துப் பெரிதாக இருந்ததால் ஒரு தாளுக்கு நாலைந்து வரிதான் பிடிக்கும். "செத்தது..." என்பது ஒரு தாளின் கடைசிச் சொல்லாக வரும்படி தள்ளினேன். அடுத்த தாளைத் திருப்பும்வரை அவர் நிறுத்தியே ஆக வேண்டும். அப்பா நிறுத்துவதைப்போல.

அந்த அடுத்த தாளோடு நானும் நிறுத்திக்கொண்டேன். டெல்லியை எழுதவில்லை. அதை அந்த வாயால் கேட்க எனக்கு மனசில்லை. அதற்குப் பிறகு வெறும் தாள்களைக் கொஞ்சம் வைத்துக் கட்டு கனமாகத் தெரியும்படி செய்தேன். மச்சான் வந்தார், முதல் தாளைப் பார்த்தார். அதில் மாவட்டத்தையும் வட்டத்தையும் வாழ்த்தி நாலு வரி இருந்தது. "செம" என்று எடுத்துக்கொண்டு போனார். இரண்டாவது தாளைத் திருப்பவில்லை. திருப்பமாட்டார்கள் என்று தெரியும், இத்தனை வருஷமாக அவர்களுக்கு போஸ்டர் அடிக்கிறவள் நான்.

பிறகு பாயைப் பார்க்கப் பூந்தமல்லிக்குப் போனேன். கடையில் ஒரு ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தாடி வெளுத்துவிட்டது. இந்தத் தடவை ஒரு ஸ்பீக்கர் குழாயை எங்கள் வீட்டைப் பார்த்துக் கட்ட முடியுமா என்று கேட்டேன். பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கி சுச்சுமேல இருந்த கை என்துதாம்மா" என்றார். "உங்க நைனா மூஞ்சப் பாக்க முடியாம எத்தினி வர்சம் தெரு மாறிப் போய்க்கினு கீறேன்." குழாயை எந்தக் கம்பத்தில் கட்டுவது என்று கேட்டுக்கொண்டார். வேறு எதுவும் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

என் பயமெல்லாம் கூட்டத்தைப் பற்றித்தான். அந்த இடத்தில் கூட்டம் வாயைத் திறக்குமா? அன்றைக்கு அப்பாவைப் பார்த்துச் சிரித்த கூட்டம். தண்ணீர் லாரிக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிற கூட்டம். அவர்கள் கம்மென்று இருந்துவிட்டால் வட்டம் அழகாகப் பேசி, சீட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவார், அதுவும் என் அப்பாவின் சொற்களை வைத்து. எழுதிக் கொடுத்ததே தப்போ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

விழா அன்று சாயங்காலம் அப்பா வழக்கம்போல ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டார். "நான் போய்ட்டு வரேம்பா" என்றேன். "ம்" என்றார்.

சிலையைச் சுற்றி நான் டிசைன் செய்த ஃபிளெக்ஸ்கள். எல்லாவற்றிலும் கழுத்தில்லாத வட்டம், மூலையில் தபால்தலை அளவுக்குத் தலைவர். முன்வரிசையில் எங்கள் தெருவின் பழைய தொழிற்சாலைக்காரர்கள், எதிர்வீட்டுக்காரரும் இருந்தார். மாவட்டத்துக்குப் பொன்னாடை போட்டார்கள். வட்டத்துக்கு அவருடைய ஆட்களே ரோஜா மாலை ஒன்றைப் போட்டார்கள், முழங்காலைத் தொட்டது. போட்டோக்காரர், "அண்ணே, மாலையோடயே பேசுங்க, சூப்பரா கீது" என்றார். வட்டம் மாலையைக் கழற்றாமலே மைக்கைப் பிடித்தார்.

முதல் தாள் வாழ்த்து. கைதட்டல். இரண்டாவது தாள். "தறிச் சத்தம்தான் அவர் கேட்ட முதல் தாலாட்டு" என்று படித்தார். முன்வரிசையில் நாலைந்து தலைகள் சட்டென்று நிமிர்ந்தன. எதிர்வீட்டுக்காரர் திரும்பி என்னைத் தேடினார். நான் சிலைக்குப் பின்னால் நின்று அவரையே பார்த்தேன்.

மறியல் வந்தது, அடி வந்தது. வட்டம் தப்பும் தவறுமாகத்தான் படித்தார், ஆனால் குரல் கனமான குரல். ஜெயில் வந்தது. களியில் கல் வந்தது. கூட்டத்தில் பேச்சு நின்றுபோனது. யாரோ ஒரு பெண்மணி வட்டத்துக்கு முன்னாலேயே "அம்மா செத்த சேதி" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"கம்பிக் கதவு" என்று வட்டம் படித்தார். "கம்பிக் கதவு திறந்தது" என்று அதே மூச்சில் படித்து, அந்த இடத்தைத் தாண்டிப் போனார். அத்தனை வருஷமாக மூடியிருந்த கதவு, அவருக்கு அது ஒரு வரி.

பஸ் ஸ்டாண்ட். ஏரியை மூடின பெரிய மனிதர். மாலை. வட்டம் நல்ல வேகத்தில் இருந்தார். "தலைவர் மாலையைக் கழற்றினார். 'ஐயா, நான் இன்னும் சாகவில்லை. செத்தது...'"

தாள் முடிந்தது. அடுத்ததைத் திருப்ப விரலை நாக்கில் தொட்டார்.

ஒரு சத்தமும் இல்லை. போச்சு என்று நினைத்தேன். அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல், வயசான குரல், "ஏரி" என்றது. எதிர்வீட்டுக்காரர். உடனே இன்னொருவர். பிறகு மொத்தக் கூட்டமும், கடைத்தெரு ஓரம் நின்றவர்களும், இப்போது மீசை முளைத்துவிட்ட அந்தக் காலத்துக் குழந்தைகளும்: "ஏரி!"

வட்டம் திடுக்கிட்டார். தாளைத் திருப்பினார். முதல் சொல்லே "ஏரி". அவருக்கு ஒரே சந்தோஷம். ஜனங்கள் தன்னோடு சேர்ந்துகொண்டார்கள், மாவட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார்! "ஏரி! மாலையை அதற்குப் போடுங்கள்!" என்று கையை ஓங்கினார். அப்படி ஒரு கைதட்டலை அந்தச் சிலை பார்த்திருக்காது. விசில் பறந்தது.

மேடையில் பேசுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கைதட்டல் விழுந்தால் அதே வரியை இன்னொரு தடவை சொல்லுவார்கள். வட்டமும் சொன்னார். கைதட்டல் கூடியது. மூன்றாவது தடவை கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டிக் கேட்டார்: "செத்தது?"

"ஏரி!"

"மாலைய?"

"கழட்டு!" என்று ஒரு பெண் குரல் வந்தது. "உன் கயுத்துல கீறத்த கழட்டிப் போட்றா அதுக்கு! என் ஊட்ல ஒடம்புக்கு முடியாத மனுசன் தண்ணில கெடந்தாரு!"

சிரிப்பு கிளம்பியது. இந்தத் தடவை சிரிப்பு யாரைப் பார்த்து என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மாவட்டம் பொன்னாடையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். மச்சான் மேடைக்கு ஓடி வந்து வட்டத்தின் காதில் சொன்னார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் எல்லாக் குழாயிலும் கேட்டது: "மச்சான், நம்ம ஏரிய சொல்றானுங்க!"

வட்டம் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அடுத்ததைத் திருப்பினார், வெறும் தாள். அதற்கடுத்ததும் வெறும் தாள். முழங்கால்வரை தொங்கிய ரோஜா மாலையோடு நின்று சுற்றிலும் பார்த்தார். சிலைக்குப் பின்னால் நின்ற என்னையும் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்க்கட்டும் என்றுதான் நின்றேன்.

"பாய், மைக்க ஆஃப் பண்ணு!" என்று கத்தினார். அதுவும் குழாயில் வந்தது.

பாய் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தலைவரு இப்பத்தான் ஜெயில்லருந்து வெளிய வந்துகீறாருண்ணே" என்றார். "இன்னும் டெல்லி போவல. அதுக்குள்ள எப்டி ஆஃப் பண்றது?"

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், இனித்தது. நாக்கில் வைத்ததுபோல இனித்தது. மாலையை இழுத்துக் கழற்றுவதில் வட்டத்துக்கு நூல் காதில் மாட்டிக்கொண்டதையும், இறங்கும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டதையும் ஒன்று விடாமல் பார்த்தேன். அப்பா பிடித்துக்கொண்ட மாதிரியே பிடித்தார். சீட்டு அவருக்குக் கிடைக்கவில்லை. ஏரியும் திரும்பி வந்துவிடவில்லை, இந்த வருஷமும் தண்ணீர் வந்தது, எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி இப்போது கடைசியில்தான் வருகிறது. பரவாயில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அந்த முகத்தை நினைத்துக்கொள்கிறேன்.

வட்டத்தின் ஆட்கள் கிளம்பிப்போனார்கள். மாவட்டமும் காரில் ஏறிவிட்டார். ஆனால் கூட்டம் கலையவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நாற்காலிகளில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் என்னிடம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரிடம் நின்று பேச எனக்கு அப்போது மனம் வரவில்லை. வீட்டுக்கு நடந்தேன்.

தெருவில் திரும்பும்போதே பார்த்தேன், ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெட்டியிலிருந்த வெள்ளைக் கதர்ச் சட்டையை எடுத்துப் போட்டிருந்தார். தோள் இளைத்துவிட்டதால் சட்டை தொளதொளவென்று இருந்தது. கழுத்துப் பொத்தான் மட்டும் போடாமல் இருந்தது. நான் போட்டுவிட்டேன்.

"அவனுக்கு டெல்லி வரைக்கும் எழுதிக் கொடுத்தியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. மாலை வரைக்கும்தான்."

கம்பத்தில் கட்டியிருந்த குழாயில் பாய் மைக்கை விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது.

"மைக்கு இன்னும் ஆன்ல இருக்கா?"

"இருக்குப்பா."

அப்பா கட்டிலுக்கு அடியில் காலை விட்டுச் செருப்பைத் தேடினார். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வா, போவோம்" என்றார். "தலைவர எவ்வளவு நேரம்தான் பஸ் ஸ்டாண்டுலயே நிக்க வைக்கிறது?"